முந்நூற்றுப் பன்னிரண்டு தமயந்திகள்

வெள்ளியங்கிரி இறந்த பதினாறாம் நாள், கருமாதிச் சாப்பாட்டு இலைகளைப் பந்தலிலிருந்து இன்னும் அள்ளி முடிக்காத நேரத்தில், சரியாகச் சாயங்காலம் நான்கு மணிக்கு, கணபதியிலும் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் ஒண்டிப்புதூரிலும், கோயம்புத்தூரில் அவர் கண்டுபிடித்த மிஷின்கள் எங்கெங்கே ஓடிக்கொண்டிருந்தனவோ அங்கெல்லாம், முந்நூற்றுப் பன்னிரண்டு மிஷின்களும் ஒரே சமயத்தில் மோட்டாருக்கு நூல் கட்டுவதை விட்டுவிட்டு மல்லிகைப் பூ கட்ட ஆரம்பித்தன.

பூ எங்கிருந்து வந்தது என்றால், நூல் வரும் வழியில் நூல் வந்தது, பூ வருவதற்கு வழியே இல்லாத இடத்திலிருந்து பூ வந்தது, அவ்வளவுதான். அன்றைக்குப் பறித்த மொட்டு, தண்ணீர் தெளித்த ஈரம் காயாமல் இருந்தது. ஒவ்வொரு மிஷினும் கால்மணி நேரத்தில் ஐந்து முழம் கட்டி, தன் சின்ன பிளேடால் நூலை நறுக்கி, ட்ரேயில் அழகாகச் சுருட்டி வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அடுத்த மோட்டாருக்குத் திரும்பிக்கொண்டது. மறுநாளும் நான்கு மணிக்கு அதே ஐந்து முழம். அதற்கு மறுநாளும்.

அந்த மிஷினுக்குப் பெயர் தமயந்தி. வெள்ளியங்கிரியின் மனைவிக்கும் அதே பெயர்தான். பம்ப் செட் மோட்டாரின் வயிற்றுக்குள் செப்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றி வைத்திருப்பார்கள். மோட்டார் ஓடுகிற அதிர்வில் அந்தச் சுருள் அலைந்து உரசி எரிந்துபோகாமல் இருக்க, அதை நூலால் முடிச்சு முடிச்சாக இறுக்கிக் கட்டவேண்டும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அதைக் கையால் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஐ.டி.ஐ. மட்டுமே படித்த வெள்ளியங்கிரி, தன் மனைவி பூ கட்டுகிற அழகைப் பார்த்துப் பார்த்து, விரல்களுக்குப் பதில் இரும்புக் கொக்கிகளை வைத்து, நாற்பது பெண்கள் செய்கிற வேலையை ஒரே மிஷின் செய்கிற மாதிரி பண்ணிவிட்டார் என்பது ஊரறிந்த கதை. விருது மேடைகளில் இதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மும், கூட்டம் திரும்பி முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிற மனைவியைப் பார்க்கும், மனைவி முந்தானையைச் சரிசெய்துகொள்வாள். பம்ப் கம்பெனிகளிலோ பேச்சு வேறு மாதிரி: "ரெண்டாம் நம்பர் தமயந்திக்கு எண்ணெய் விட்டாச்சா?" "இன்னிக்குத் தமயந்தி மக்கர் பண்றா, ரெண்டு தட்டு தட்டு." அசல் தமயந்தி கல்யாண வீடுகளில் இதையெல்லாம் காதில் வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டே முப்பத்திரண்டு வருஷம் சிரித்திருக்கிறாள்.

பூ வந்ததைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் கோயம்புத்தூர்க்காரர்கள் வாயைப் பிளப்பதற்கு முன்னால் சர்வீஸ் இன்ஜினியருக்குப் போன் போடுகிறவர்கள். இன்ஜினியர் வந்தார், லேப்டாப்பைச் செருகினார், இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "மிஷினில் கோளாறு எதுவும் இல்லை. ப்ரோக்ராமில் பூ இல்லை. முடிச்சின் இறுக்கம் திருப்திகரம்" என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தார். பம்ப் தயாரிப்பாளர் சங்கம் அவசரக் கூட்டம் போட்டு, மிஷின் எப்படியும் கால்மணி நேரம் வேறு வேலை பார்ப்பதால் அந்தக் கால்மணியையே டீ நேரமாக வைத்துக்கொள்வது என்று தீர்மானம் போட்டது. வேலைக்கு வருகிற பெண்களெல்லாம் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். வார்னிஷ் வாடையும் மல்லிகை வாடையும் கலந்து டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டே எந்த ஸ்டாப் என்று சொல்லிவிடுவார். கென்யாவுக்குப் போன மோட்டார்களில் பூ வாசம் வருவதாகப் புகார்க் கடிதம் வந்தது, மன்னிப்புக் கேட்டுப் பதில் போவதற்குள், அடுத்த லோடும் அதே வாசத்தோடு வேண்டும் என்று இன்னொரு கடிதம் வந்தது. பூ மார்க்கெட்காரர்கள்தான் பொறுக்கவில்லை. சங்கத்து ஆபீஸ் வாசலில் கூடையோடு வந்து உட்கார்ந்து, "மோட்டார் பண்றவன் மோட்டாரப் பண்ணோணும், எங்க பொழப்புல எதுக்குங்க கையை உடறீங்க?" என்று கத்தினார்கள். கடைசியில், மிஷின் கட்டிய பூவை யாரும் விற்கக்கூடாது, வேலை செய்கிறவர்களின் தலைக்கும் கோயிலுக்கும் மட்டும்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு எழுந்து போனார்கள். ஒரு மாசத்துக்குள் நாலு மணிப் பூ என்பது ஆறு மணிச் சங்கு மாதிரி ஆகிவிட்டது.

ஏன் பூ என்று ஊர் மண்டையை உடைத்துக்கொள்ளவே இல்லை, பதில் கையில் தயாராக இருந்தது. புருஷன் போனதும் பெண்டாட்டி தலையிலிருந்து பூவை எடுத்துவிட்டார்கள், அது பொறுக்காமல் அவர் மேலே இருந்து பூ அனுப்புகிறார். நாத்தனார் சம்பூரணம் தொலைபேசியில் அழுதாள். "எங்கண்ணன் உன்னை எப்படி வெச்சிருந்தாரு பாரு தமயந்தி, செத்தும் முழம் முழமாக் குடுக்கறாரு." டி.வி.க்காரர்கள் வந்தார்கள், பின்னணியில் வயலின் வைத்தார்கள்.

தமயந்தி சட்டென்று உருகுகிற ஆள் இல்லை. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்து, ஆங்கிலத்தில் ஒரு கமா கூட இடம் மாறாமல் எழுதப் பழகியவள். வளவளப் பேச்சும் கோணல் கையெழுத்தும் கண்டால் எரிச்சல் வரும். இருபத்தொன்பது வயசில் அதே பள்ளியிலிருந்து, இங்கிலீஷ் டீச்சராக வா என்று சிஸ்டர் பெர்னடெட் ஆள் அனுப்பியபோது, புடவையெல்லாம் எடுத்து இஸ்திரி போட்டு வைத்துவிட்டுப் புருஷனிடம் சொன்னாள். வெள்ளியங்கிரி, "நீ போயிட்டா நான் யார் கையைப் பார்த்து வேலை செய்யறது கண்ணு?" என்றார். உலகத்தில் எந்தப் புருஷனும் எந்தப் பெண்டாட்டியிடமும் இதைவிடப் பெரிய வார்த்தை சொன்னதில்லை என்று அந்த வயசில் நினைத்தாள். அறுபத்தொன்றிலும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் கொடுமை. வேலைக்குப் போகவில்லை. ஜெர்மன்காரன் வந்தாலும் ஜப்பான்காரன் வந்தாலும் பட்டுப்புடவை கட்டி ஹாலில் உட்கார்ந்து, ஒரு முழம் பூ கட்டிக் காட்டினாள். அவர்கள் போட்டோ எடுத்தார்கள். வீட்டில் எது குறைந்தாலும், அவர் மாசக்கணக்கில் பேசாமல் இருந்தாலும், பிள்ளை பிறந்தபோதுகூடக் கண்காட்சியை விட்டு வராமல் இருந்தாலும், உள்ளே ஒரு மூலையில் அது இருந்தது: அந்த மனுஷன் ஊருக்கு விட்டுப்போகிற ஒரே விஷயம் என் கையிலிருந்து போனது. அதை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் சகித்தாள்.

ஆகவே பூ கொட்ட ஆரம்பித்தபோது அவளும் நம்பினாள். நாலு மணி ஆனால் வாசலுக்கு வந்து நின்று, காற்றில் வாசம் வருகிறதா என்று மூக்கை உயர்த்திப் பார்த்தாள். மகன் கௌதம், தங்கள் மிஷின் கம்பெனி வளாகத்திலேயே நினைவுக் கூடம் கட்டி நூறாம் நாள் திறக்கப்போவதாகச் சொல்லி, அவள் இரண்டு கையையும் மாவில் முக்கி அச்செடுத்து வெண்கலத்தில் வார்க்கக் கொடுத்தபோது, பேசாமல் நீட்டினாள். திறப்பு விழாவில் நீங்கள்தான் பேசவேண்டும் என்றபோது, மூன்று பக்கம் எழுதி, இரண்டு இடத்தில் கமாவைத் திருத்தி வைத்தாள்.

இத்தனையும் உடைந்தது மாகாளியம்மன் கோயிலில்.

தமயந்தி குடியிருக்கிற காலனி முனையில் இருக்கிற அந்தக் கோயிலுக்கு இரண்டு கம்பெனிகளிலிருந்து தினமும் பூ போகும். கோயில் வாசலில் பூக்கடை வைத்திருக்கிற சாரதா, தன் வியாபாரம் போன வயிற்றெரிச்சலில் அந்தச் சரத்தை ஒருநாள் கையில் எடுத்து விரலால் நீவிப் பார்த்துவிட்டு, "சாமி, இது நொட்டாங்கைக் கட்டு" என்றாள். பூசாரி கையிலிருந்த மணி நின்றது. இடது கையால் கட்டிய பூவை அம்மன் கழுத்தில் போட்டுக்கொண்டா இருந்தோம் என்று கமிட்டி கூடியது.

"மிஷினுக்கு ஏதுங்க சோத்தாங்கை, நொட்டாங்கை? அது என்ன கழுவவா போகுது?" என்றார் கமிட்டித் தலைவர், ஓய்வுபெற்ற தாசில்தார்.

"உங்களுக்கென்னுங்க, சொல்லிப்போட்டுப் போயிருவீங்க. அம்மன் கனவுல வந்தா எங்கிட்டத்தான் வருவா" என்றார் பூசாரி.

மூன்று நாள் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கருவறை வாசலில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை நிறுத்தி, பூவை முதலில் கண்ணாடிக்குக் காட்டுவது; கண்ணாடியில் இடது வலதாகிவிடுவதால், அதன் பிறகு அம்மனுக்குச் சாத்தலாம். பக்கத்து ஊர்க் கோயில்களும் கண்ணாடி வாங்கின.

தமயந்தி கோயிலுக்குப் போனது பக்தியில் அல்ல, ஆத்திரத்தில். என் கையை நொட்டாங்கை என்று எவள் சொன்னது?

சாரதா எழுந்துகூட நிற்கவில்லை. "அம்மிணி, நீங்க எந்தக் கையில கட்டுவீங்க?"

"எல்லாரும் கட்டற கையிலதான்."

"அப்ப இது நீங்க இல்லீங்க" என்றாள் சாரதா, ஒரு கூறு வெற்றிலையைக் காட்டி இது கொழுந்து இல்லை என்று சொல்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் ஒரு முழம் மிஷின் பூவை நீட்டிப் போட்டாள், பக்கத்திலேயே தானும் ஒரு முழம் கட்டிப் போட்டாள். அவளுடைய முடிச்சு வலது பக்கம் சாய்ந்திருந்தது, மிஷினின் முடிச்சு இடது பக்கம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள், திருப்பிப் போட்டுப் பார்த்தாள், தலைகீழாகப் பார்த்தாள். இரண்டும் ஒன்றையொன்று பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரியே கிடந்தன.

அப்போதுதான் அந்தப் பத்தொன்பது பக்கம் ஞாபகம் வந்தது. மிஷினுக்குக் காப்புரிமை கேட்டு எழுதிய விண்ணப்பம். அவர் தமிழில் சொல்லச் சொல்ல, அவள்தான் ஆங்கிலத்தில் எழுதினாள். வீட்டில் வேறு யாருக்கு அந்த மாதிரி எழுத வரும்? மூன்றாம் பக்கத்தில், இடது கையின் விரல் நூலைத் தள்ளும், வலது கை பிடித்திருக்கும் என்று அவர் சொன்னபோது பேனாவை நிறுத்தி, "ஏங்க, நான் சோத்தாங்கையிலதானே தள்ளறேன்?" என்று கேட்டாள். அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "மிஷினுக்கு எதிர்ல நின்னு பார்க்கறமில்ல கண்ணு, கண்ணாடியில பாக்கற மாதிரி மாறித் தெரியும்" என்றார். ஒரு கமா தவறினால் பொறுக்காதவள், இரண்டு கை மாறியதைத் தலையாட்டி எழுதிவிட்டாள். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்று அந்த அலுவலகத்திலேயே பாராட்டினார்கள்.

மறுநாள், பழைய ஒர்க்‌ஷாப்பில் மேஸ்திரியாக இருந்த சின்னராசு வீட்டுக்குப் போனாள். அவர் காது கேட்கிற மிஷினை மாட்டிக்கொண்டு திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார்.

"நம்ம பழைய ஒர்க்‌ஷாப்புல நொட்டாங்கைக்காரி யாராச்சும் இருந்தாளா மேஸ்திரி?"

சின்னராசு அவளைப் பார்க்காமல் வெளியே கொய்யா மரத்தைப் பார்த்தார். "மயிலாத்தாளுங்க."

"அவ கையைப் பார்த்துத்தான் மிஷினா?"

"ஆமாங்க."

"யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாத்துக்கும் தெரியுமுங்க அம்மிணி" என்றார் அவர், அழுதுவிடுவார் போல. "உங்களுக்கும் தெரியும்னு நெனச்சமுங்க. தெரிஞ்சும் மேடையில உக்காந்து சிரிக்கறீங்களேன்னு எங்களுக்குள்ளயே பேசிக்குவம்."

மயிலாத்தாள் இருகூர் ரோட்டில் ஒரு ரீவைண்டிங் கடையில் இருந்தாள். எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கருகிய கம்பியை எடுத்துவிட்டு, புதுசாகச் சுற்றிக் கட்டிக் கொடுக்கிற கடை. அங்கே இன்னும் கைதான் மிஷின். வயசு அறுபத்துநாலு இருக்கும், நெற்றியில் பெரிய பொட்டு, காலடியில் கவிழ்த்த ஒரு மோட்டார். தமயந்தி யாரென்று சொல்லிக்கொள்ள வாயெடுப்பதற்குள், "தெரியுமுங்க, டி.வி.யில வர்றீங்களே" என்று ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள். பேசிக்கொண்டே கட்டினாள். இடது கை நடுவிரல் நூலைத் தள்ள, வலது கை பிடிக்க, முடிச்சுகள் இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்தன.

வருகிற வழியெல்லாம் தமயந்தி ஒன்றே ஒன்றைத்தான் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். பேரன் எடுக்கிற வயசுக்கு வந்த பிறகு இதைக் கேட்பது கேவலம் என்று தெரியும், கேட்டாள். "அவருக்கும் உனக்கும் ஏதாவது..."

மயிலாத்தாள் கடகடவென்று சிரித்தாள். "அட ஏனுங்கம்மிணி! அவரு எம்மூஞ்சிய ஒரு நாளாச்சும் பாத்திருந்தாத்தானுங்களே? கையைத்தான் பாப்பாரு."

தமயந்திக்கு ஏமாற்றமாக இருந்தது. தொடுப்பு என்றால் அழலாம், கத்தலாம், போட்டோவைத் திருப்பி வைக்கலாம், அதற்கெல்லாம் வழிமுறை இருக்கிறது. இதற்கு என்ன செய்வது?

"நாலு மணிக்கு டீக்கு உடுவாங்க" என்றாள் மயிலாத்தாள். "நான் மிச்சம் விழுகற நூல்ல ஒரு முழம் பூக் கட்டிக்குவேன், வீட்டுக்குப் போறப்ப வெச்சுக்க. ஒரு நா பின்னால வந்து நின்னு பாத்தாரு. மறுநாள்ல இருந்து தெனமும் டீ நேரத்துல எதிர்ல உக்காந்துக்குவாரு. வெரல் கணுவுக்குக் கணு ஒவ்வொரு கலர் மை வெச்சு, மெதுவாக் கட்டு மயிலா, இன்னும் மெதுவாம்பாரு. போட்டோப் புடிப்பாரு. நாப்பது நாளு. என் டீயெல்லாம் ஆறிப்போச்சு."

"எதுக்குன்னு நீ கேக்கலையா?"

"கேட்டனுங்க. புதுசா வர்ற புள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கோணும், நீதான் டீச்சர்ன்னாரு. நான் ஊட்ல போயி, டீச்சராகப் போறேன்னு சொல்லி, எங்கூட்டுக்காரரு தெருவுக்கே சொல்லி..." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை துணியப் போட்டு மூடிக் கொண்டாந்து வெச்சாங்க. எங்களையே ஆரத்தி எடுக்கச் சொன்னாரு. துணிய எடுத்தா, உள்ள எங்கையி ஓடுது. அடுத்த வாரம் நாப்பது பேரும் ஊட்டுக்குப் போங்கன்னுட்டாங்க. நீங்கதானுங்க ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்குப்போசி குடுத்தீங்க."

கொடுத்தாள்தான். கொடுத்ததும் ஞாபகம் இருந்தது, போசி என்ன அளவு என்பதும் ஞாபகம் இருந்தது, வாங்கியவர்களில் ஒரு முகம்கூட ஞாபகம் இல்லை.

"எரிஞ்சு வர்ற மோட்டாரப் பிரிச்சா உள்ள எங்கட்டுத்தானுங்க. முப்பது வருசமா எங்கட்டை நானே அறுத்துப்போட்டுட்டு, மறுக்கா நானே கட்டறேன்" என்று மோட்டாரைப் புரட்டினாள் மயிலாத்தாள். "அதுகூடப் பரவாயில்லைங்க, அது கூலிக்குக் கட்டுன கட்டு. அந்த டீ நேரத்துப் பூ மட்டுந்தான் எனக்குன்னு கட்டுனது. அதையும் எடுத்துக்கிச்சு பாருங்க உங்க மிஷினு."

தமயந்தி ஸ்டூலிலிருந்து எழுந்தாள். "நூறாம் நாள் மேடையில எல்லாத்தையும் சொல்லப்போறேன். நீயும் வா."

"சொல்லிட்டா உங்களுக்கு மனசு லேசாயிருமுங்க. எனக்கு என்னாகும்?"

"உன் பேர் இருக்கும்."

"பேரா?" மயிலாத்தாளுக்கு மறுபடி சிரிப்பு வந்தது. "மயிலாத்தாளுக்கு எண்ணெய் உட்டாச்சான்னு கேப்பாங்க, அதானுங்களே? வேண்டாஞ்சாமி. போயிட்டு வாங்க, வெயிலு ஏறுது."

அவள் சொன்னதையெல்லாம் கௌதம் லேப்டாப்பை மூடாமலே கேட்டான். கேட்டு முடித்து, "இப்ப எதுக்கும்மா இது? கதை நல்லாப் போயிட்டிருக்கு. அந்தம்மாவுக்கு ஏதாவது செய்யணும்னா செய்யலாம்" என்றான்.

"உனக்கு அதிர்ச்சியா இல்லையா?"

அவன் ஒரு நொடி திரையைப் பார்த்தான். "அப்பா சொல்லியிருக்கார். நான் காலேஜ் படிக்கும்போதே." பிறகு, அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, "அம்மாவுக்கு ஒரு சந்தோஷம் இருந்துட்டுப் போகட்டும்னு சொன்னாரும்மா. அவருக்கு உங்க மேல அவ்வளவு பாசம்" என்றான்.

குழந்தை அழுதால் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்து உட்காரவைப்பார்களே, அப்படி ஒரு சந்தோஷத்தைக் கொடுத்து முப்பத்திரண்டு வருஷம் உட்காரவைத்திருக்கிறார்கள். கரண்டியும் ஊரார் வீட்டுக் கரண்டி.

"நான் மேடையில பேசத்தான் போறேன்" என்றாள்.

"பேசுங்க. ஆனா அந்தக் காப்புரிமைப் பேப்பர் பூரா உங்க கையெழுத்தும்மா, அதையும் யோசிச்சுக்குங்க."

யோசித்தாள். யோசித்த பிறகுதான் எழுதி வைத்த மூன்று பக்கத்தையும் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

நூறாம் நாள், மூன்றரை மணிக்கு, நினைவுக் கூடத்தில் உட்கார இடமில்லை. நடுவில் வெள்ளியங்கிரி முதல்முதலாகப் பண்ணிய மிஷின், அதன் பக்கத்தில் பீடத்தில் வெண்கலக் கைகள், பின்னால் நாதஸ்வரம், முன்னால் சங்கத்துத் தலைவர் ஜெகதீசனும் கமிட்டித் தாசில்தாரும் நாத்தனார் சம்பூரணமும் வரிசையாக. மயிலாத்தாள் வரவில்லை. தமயந்தி கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் மைக்கின் முன்னால் நின்று, வகுப்பில் பாடம் எடுப்பது போல நிறுத்தி நிறுத்தி, பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"இதோ இந்த வெண்கலத்துல இருக்கறது என் கை. அந்த மிஷினுக்குள்ள இருக்கறது என் கை இல்லை. அது மயிலாத்தாள்ங்கற தொழிலாளியோட இடது கை. சொல்லிக்கொடுக்கத்தான்னு பொய் சொல்லி அதை எடுத்துக்கிட்டு, அவளையும் அவளோட வேலை செஞ்ச முப்பத்தொன்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பினவர் என் புருஷன். திருடினது அவர். அந்தத் திருட்டைத் தப்பில்லாத இங்கிலீஷ்ல எழுதிக் கொடுத்தது நான். அது என் கைன்னு முப்பத்திரண்டு வருஷம் என்னை நம்பவெச்சு ஏமாத்தினதும் அவர்தான். உங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியும். தெரிஞ்சுதான் கைதட்டியிருக்கீங்க. இந்தக் கூடத்துல இருக்கற எல்லாமே பொய்."

சம்பூரணம் வாயில் முந்தானையை வைத்தாள். தமயந்தி காத்திருந்தாள்; யாராவது எழுந்து கத்துவார்கள், கௌதம் வந்து மைக்கைப் பிடுங்குவான், நாளைக்குத் தெருவில் தலைகாட்ட முடியாது, எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் நின்றாள்.

நடு வரிசையில் யாரோ ஒருவர் கைதட்டினார். பிறகு இன்னொருவர். பிறகு மொத்தக் கூடமும் எழுந்து நின்று தட்டியது. ஜெகதீசன் கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடை ஏறி, அவள் முன்னாலிருந்த மைக்கை மரியாதையாகக் கழற்றி, "பாத்தீங்களா? இதுதாங்க பெருந்தன்மை! உலகமே கொண்டாடற தன்னோட கையை, பேர் தெரியாத ஒரு ஏழைத் தொழிலாளிக்குத் தூக்கிக் குடுக்கறாங்க பாருங்க! இப்படிப்பட்ட அம்மா கிடைச்சதுனாலதான் நம்ம அண்ணன் வெள்ளியங்கிரி..." என்று வெண்கலக் கைகளைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பேர் தெரியாத இல்லை! பேர் சொன்னேன்! காது கேக்குதா உங்களுக்கெல்லாம்?" என்று கத்தினாள் தமயந்தி. ஆனால் மைக் அவர் கையில் இருந்தது, மணி நான்கு ஆகியிருந்தது, மிஷின் பூக் கட்ட ஆரம்பித்துவிட்டது, ஆரம்பித்ததுமே, இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா என்று கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். ஐந்து முழமும் விழுந்து முடிந்ததும் கௌதம் அதை எடுத்து, கண்கலங்கி, வெண்கலக் கைகளுக்குச் சுற்றினான். நாலு பேர் அவள் காலில் விழுந்தார்கள். ஒரு பெண் தன் குழந்தையைக் கொடுத்து, உங்கள் கையால் தொட்டுக் கொடுங்கள் என்றாள்.

மறுநாள் எல்லாப் பேப்பரிலும் வந்தது. 'கணவரின் புகழைத் தொழிலாளிக்குத் தாரைவார்த்த தாயுள்ளம்' என்று தலைப்பு, வெண்கலக் கைகளின் படம் அரைப்பக்கம், அதற்குக் கீழே 'தன் கைத்திறனை ஒரு பெண் தொழிலாளிக்குச் சமர்ப்பித்துப் பேசியபோது' என்று ஒரு வரி. ஏமாற்றியது, திருடியது, எழுதிக் கொடுத்தது, நாற்பது பேர் என்று எதுவும் இல்லை. சங்கம் அந்த வருஷத்திலிருந்து தமயந்தி பெயரில் ஒரு விருது கொடுப்பதாக அறிவித்திருந்தது.

பத்து மணிக்கெல்லாம் தமயந்தி இருகூர் ரோட்டில் நின்றாள். மயிலாத்தாள் ஒரு மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, டீக்கடையிலிருந்து வந்த பேப்பரைப் பக்கத்தில் மடித்து வைத்திருந்தாள்.

"படிச்சேனுங்கம்மிணி. உங்களைப் பத்தி ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க."

"உன் பேரையே போடலை மயிலாத்தா. நான் சொன்னது ஒண்ணையும் போடலை. இப்பவே நேரா அந்தப் பேப்பர் ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டு, நாளைக்கே திருத்திப் போடச் சொல்றேன்."

மயிலாத்தாள் நூல்கண்டைத் தேடி எடுத்து, இடது கையில் சுற்றிக்கொண்டாள்.

"வேண்டாங்க. திருத்துனா இன்னும் நல்லா எழுதுவாங்க."